மறந்தவரை மறவாமை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சித்திரைப் பெருந்திருவிழாவை ஸேவிக்கத் தொலைவிலிருந்து எழுந்தருளியிருக்கும் பாகவதர்கள் நீங்கள். கொடியேற்றம் முதல் தீர்த்தவாரி வரையில் இந்தப் பத்து நாள்களும் வெயிலை ஒரு பொருட்டாகக் கருதாமல் திருவீதிகளில் காத்து நிற்கின்றீர்கள். தண்ணீர்ப்பந்தலின் நிழலில் ஒரு குவளை நீர்மோர் கைக்கு வந்ததும் உங்கள் முகத்தில் தோன்றும் தெளிவை அடியேன் ஆண்டுதோறும் கண்டு வருகிறேன். அந்தக் குவளை நீரைப் பற்றியே இம்மலரில் சில வார்த்தைகள் விண்ணப்பிக்க எண்ணுகிறேன்.

உங்களில் சிலர், நினைவு தவறிப்போன தாயையோ தகப்பனாரையோ ஓர் இல்லத்தில் பிறர் பராமரிப்பில் விட்டு வந்திருப்பீர்கள். பெருமாள் முன் கைகூப்பி நிற்கும் போதும், "இந்த வெயிலில் அங்கே அம்மா எப்படியிருக்கிறாளோ" என்ற எண்ணம் நெஞ்சின் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கும். தீர்த்தம் வாங்கிக்கொள்ளும் வேளையில் இதை அடியேனிடம் மெல்லிய குரலில் சொல்லிக் கண் கலங்கியவர்கள் பலர். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் மூன்று வினாக்களாகவே இருக்கும். எல்லாவற்றையும் மறந்துவிட்டவள் இன்னும் என் தாய்தானா? பெருமாள் திருநாமத்தையும் மறந்துபோனவளுக்கு என்ன கதி? அவளைப் பிறர் கையில் ஒப்படைத்த நான் தர்மம் தவறியவனா?

இவ்வினாக்களுக்கு அயலானாக நின்று விடை சொல்லும் நிலையில் அடியேன் இல்லை. எண்பத்துமூன்று பிராயமான என் அன்னையாரும் இந்நோயினர். ஓர் இல்லத்தில் இருப்பவர். ஆகையால் இங்கே எழுதுபவை சாஸ்திரத்தில் கற்றவற்றோடு, அடியேன் பட்டுத் தெரிந்துகொண்டவையும் ஆகும்.

மூப்பில் நினைவு தேய்ந்துபோகும் இந்நோயை மருத்துவர்கள் டிமென்ஷியா என்பர். அதன் வகைகளுள் மிகப் பரவலான ஒன்றை 1906-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு மருத்துவரான அலோய்ஸ் அல்ஸைமர் முதன்முதலாக எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே அது வழங்கி வருகிறது. மூளையின் அணுக்கள் மெல்ல மெல்ல அழிவதால் வருவது இது. முதுமையில் எல்லார்க்கும் வரும் சாதாரண மறதி அன்று. வீட்டுக் கணக்குப் போலத் தொடங்கி, பிள்ளைகளின் பெயர், உண்டதும் உண்ணாததும், இரவு பகல் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். இன்னார் செய்த வினையின் பயன் இது என்று சுட்டிப் பேசும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. பெரிய ஞானிகளும் இதற்கு ஆளாகியிருக்கிறார்கள்.

முதல் வினாவுக்கு நம் ஸித்தாந்தமே தெளிவான விடை தருகிறது. ஆத்மா ஜ்ஞாநமே வடிவானவன். அவனுக்குக் குணமாக வேறோர் அறிவும் உண்டு; அதனை தர்மபூதஜ்ஞாநம் என்று பெரியோர் வழங்குவர். விளக்கும் விளக்கின் ஒளியும் போல இவ்விரண்டையும் உணர வேண்டும். நாம் ஒருவரை அறிவதும், பெயர் சொல்லி அழைப்பதும், நேற்று நடந்ததை நினைப்பதும் தர்மபூதஜ்ஞாநம் இந்திரியங்களின் வழியாக வெளியே பரவுவதால் நிகழ்பவை. ஸம்ஸாரத்தில் இருக்கும் வரையில் அது சுருங்குவதும் விரிவதுமாக இருக்கும். குடத்துக்குள் வைத்த விளக்கின் ஒளி வெளியே வாராது; அதனால் உள்ளே விளக்கு அணைந்துவிட்டது என்று சொல்வார் உண்டோ? உறக்கத்தில் நம் எல்லாருடைய அறிவும் சுருங்கித்தான் போகிறது. உறங்கும் தாயைத் "தாயல்லள்" என்று எவரும் சொல்வதில்லை.

என் அன்னையார் அடியேனைக் கண்டால், "அண்ணா, எப்போ வந்தேள்?" என்று கேட்கிறார். எழுபது ஆண்டுகளுக்கு முன் தம்மைப் பிறந்தகத்திலிருந்து அழைத்துப்போக வரும் தமையனார் என்று எண்ணிக்கொள்கிறார். முதலில் இது அடியேனுக்குத் தாங்கவொண்ணாத துயரமாக இருந்தது. பின்னர், அன்புக்குரிய ஒருவன் தம்மைத் தேடி வந்திருக்கிறான் என்ற அளவு அவருக்கு விளங்குகிறது என்று தேறினேன். பெயர்தான் மாறிற்று. ஒளி குடத்தின் சிறு வெடிப்பு வழியாக வெளிப்படுகிறது. விளக்கு உள்ளே இருக்கிறது.

இரண்டாம் வினா இதனினும் கனத்தது. உயிர் பிரியும் காலத்தில் எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்று கீதையின் எட்டாம் அத்யாயத்தில் கண்ணன் அருளிச்செய்தான். வாழ்நாள் முழுவதும் திருநாமம் சொன்ன நாவு கடைசியில் அதனை மறந்துவிட்டால் என் செய்வது என்ற அச்சம் நமக்கு வருவது இயல்பே. இவ்வச்சத்தை நம்மினும் முன்னதாக உணர்ந்து, நமக்காகக் கேட்டு வைத்தவள் பூமிப்பிராட்டி. அவளுக்கு வராஹநாயனார் இரண்டு சுலோகங்களில் விடை அருளினார். மனமும் உடலும் நன்றாக இருக்கும் காலத்தில் என்னை நினைத்தவன், பின்பு கட்டையைப் போலவும் கல்லைப் போலவும் கிடக்கும் காலத்தில் அவனை நான் நினைக்கிறேன், நானே நற்கதிக்குக் கொண்டு செல்கிறேன் என்பது அதன் திரண்ட பொருள். வராஹ சரமச்லோகம் என்று போற்றப்படும் இதற்காகவே ஸ்வாமி தேசிகன் ரஹஸ்ய சிகாமணி என்னும் நூலை அருளிச்செய்தார். பெரியாழ்வாரும் தம் திருமொழியின் நான்காம் பத்தில், அந்திமத்தில் நினைக்க இயலாமற் போகலாம் என்று கருதி, முன்னதாகவே அரங்கனிடம் விண்ணப்பம் செய்து வைத்தார்.

ஆகவே, நினைவு என்பது ஒரு பக்கத்துக் கயிறு மாத்திரம் அன்று. நாம் பிடித்திருக்கும் முனை நழுவினாலும் அவன் பிடித்திருக்கும் முனை நழுவுவதில்லை. என் அன்னையார் அரை நூற்றாண்டுக் காலம் விடியற்காலையில் எழுந்து, திருப்பாவையைச் சொல்லிக்கொண்டே துளசி தொடுத்தவர். அது இன்று அவர் நினைவில் இல்லை. பெருமாள் திருவுள்ளத்தில் இருக்கிறது. இதில் அடியேனுக்கு ஐயம் ஏதுமில்லை.

ஆனால் இவ்விடத்தில் நாம் ஒரு பிழை செய்துவிடக்கூடும். "பெருமாள் நினைக்கிறான், நமக்கென்ன" என்று இருந்துவிடலாகாது. ஆத்மாவின் கதியை அவன் ஏற்றுக்கொண்டான். தாகத்தையும் பசியையும் அவன் நம் கையில் விட்டிருக்கிறான். அந்தக் கடமையில் அடியேன் தவறினேன். அதைச் சொல்லாமல் மூன்றாம் வினாவுக்கு விடை கூற இயலாது.

அன்னையாருக்கு நோய் கண்டு சில ஆண்டுகள் வீட்டிலேயே வைத்துக் காத்தோம். இரவில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். ஒருநாள் விடியும் முன் திருக்குளத்துப் படியில் ஈரப் புடைவையோடு உட்கார்ந்திருக்கக் கண்டோம். அடியேன் திருப்பள்ளியெழுச்சிக்கு வைகறையிலேயே ஸந்நிதியில் இருக்க வேண்டியவன். மனைவியோ தானே நோயாளி. மகன் பிழைப்புக்காக வெளியூரில் இருக்கிறான். இந்நிலையில், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் இத்தகைய முதியோரைக் காக்கும் ஓர் இல்லத்தில் அவரைச் சேர்த்தோம். ஊரார் சிலர் முகம் சுளித்தார்கள். அதைவிட அதிகமாக அடியேன் நெஞ்சே சுளித்தது.

2024-ஆம் ஆண்டின் சித்திரையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அக்னி நக்ஷத்திரம் பிறப்பதற்கு முன்பே, ஏப்ரல் மாதக் கடைசியிலேயே, தமிழகத்தின் உள்மாவட்டங்களில் வெப்பம் 40 டிகிரி செல்ஷியஸைத் தாண்டி நின்றது. அவ்வாண்டு உத்ஸவத்திற்கு அடியேன் காப்புக் கட்டிக்கொண்டிருந்தேன். ரக்ஷாபந்தனம் செய்துகொண்ட அர்ச்சகன் கொடியிறக்கும் வரையில் ஊரெல்லையைக் கடப்பதில்லை என்பது நீங்கள் அறிந்த முறையே. நான்காம் நாள் நடுப்பகலில் வஸந்த மண்டபத்தில் பெருமாளுக்குச் சந்தனம் சாத்தி, திருவாலவட்டம் வீசிக்கொண்டிருந்தேன். அப்போது இல்லத்திலிருந்து செய்தி வந்தது. அன்னையார் காலையிலிருந்து கண் திறக்கவில்லை, நா உலர்ந்திருக்கிறது, மருத்துவமனைக்குக் கொண்டு போகிறோம் என்றார்கள்.

கையில் விசிறியோடு நின்ற அந்த நாழிகையை அடியேன் உயிருள்ள வரை மறவேன். பெருமாளுக்கு வியர்க்கும் என்று வீசுகின்ற கை, பெற்றவளுக்கு ஒரு முறை வீசுவதற்கு இயலாமல் கட்டுண்டு நின்றது. திருச்சியிலிருக்கும் என் தங்கை உடனே புறப்பட்டுப் போனாள். மருத்துவர்கள் குளூகோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அன்னையார் எழுந்து உட்கார்ந்தார். பெருமாள் காப்பாற்றினார்.

உத்ஸவம் நிறைவேறிக் காப்பு அவிழ்த்ததும் ஓடிப்போய் மருத்துவரைக் கண்டேன். "உடம்பில் நீர் வற்றிவிட்டது, வேறொன்றுமில்லை" என்றார். இல்லத்துப் பணிப்பெண்களை விசாரித்தேன். அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. வேளைதோறும் கட்டிலருகே தண்ணீர் வைத்திருக்கிறார்கள். "குடிக்கிறீர்களா பாட்டி?" என்று கேட்டிருக்கிறார்கள். "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். முழுக் குவளையையும் திரும்ப எடுத்துப் போயிருக்கிறார்கள். அடியேன் வீட்டிலிருந்தாலும் இவ்வாறுதான் செய்திருப்பேன்.

அந்த "வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்டதும் அடியேனுக்குப் பழைய நினைவொன்று வந்தது. என் இளமையில் இதே சித்திரைத் திருவிழாவில், எங்கள் திண்ணையில் அன்னையார் பானகமும் நீர்மோரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வழியே போகிறவர்களைப் பார்த்துச் சிறுவனான அடியேன், "தாகத்துக்கு வேண்டுமா?" என்று கேட்பேன். பாதிப் பேர் கூச்சத்தால் வேண்டாம் என்று போய்விடுவார்கள். அப்போது அன்னையார் சொன்னார்: "கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா. கேக்காதே, நீட்டுடா." நீட்டினேன். ஒருவரும் மறுக்கவில்லை.

தம் வாயால் எனக்கு அதைக் கற்பித்தவருடைய தாகத்துக்கே அந்தப் பாடம் எட்டவில்லை. கற்ற நான் அதை இல்லத்தாருக்குச் சொல்லி வைக்கவில்லை. பிழை அவர்களுடையதன்று, என்னுடையது.

பின்பு மருத்துவர் விளக்கியவற்றை உங்களுக்கும் உதவும் என்று சொல்லுகிறேன். வயது ஏற ஏறத் தாகம் என்னும் உணர்ச்சியே மழுங்கிவிடுகிறது. உடலில் நீர் குறைந்தாலும் நா அதைச் சொல்வதில்லை. வியர்வை குறைவாகச் சுரப்பதால் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றலும் குறைகிறது. சிறுநீரகம் நீரைத் தேக்கி வைக்கும் திறனை இழக்கிறது. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகளும், மனத்தை அடக்கக் கொடுக்கும் சில மருந்துகளும் இந்நிலையை இன்னும் மோசமாக்கும். இவற்றோடு நினைவும் தவறினால், எதிரே இருக்கும் குவளை எதற்கென்றே தெரியாது. வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொள்வதும், ஜன்னலை அடைத்துக்கொள்வதும் உண்டு. "புழுங்குகிறது" என்று சொல்லவும் வராது.

இது ஏதோ ஒரு வீட்டுக்கு வந்த இடர் அன்று. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்ஸ் தேசத்தைத் தாக்கிய வெப்பத்தில் ஏறக்குறைய 15,000 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள். அது குடும்பங்கள் விடுமுறைக்கு வெளியூர் சென்றிருந்த காலம். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் வெப்பத்தால் இறந்தோர் ஆயிரக்கணக்கினர். தமிழக அரசும் 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்தது. புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் உயிர் குடிக்கும் என்பதை இனி நாம் உணர்ந்திருக்க வேண்டும்.

இப்போது மூன்றாம் வினாவுக்கு வருவோம். பெற்றவளைப் பிறர் கையில் ஒப்படைப்பது தர்மமா? தாயைத் தெய்வமாகக் கொள் என்று உபநிஷத்து விதிக்கிறது. அந்த விதியையே கொண்டு ஆராய்வோம். ஊருக்கெல்லாம் உரியவர் பெருமாள். அவரை ஊரார் யாவரும் தத்தம் கையால் நீராட்டி அமுது செய்விக்க இயலாது. ஆகையால் அர்ச்சகர் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள். இது குற்றமன்று. ஆனால் ஒப்படைத்ததோடு ஊராருக்குப் பொறுப்புத் தீர்ந்துவிட்டதா? விளக்குக்கு எண்ணெய் வந்ததா, தளிகை வேளைக்கு நடந்ததா, திருமஞ்சனக் குடத்தில் நீர் நிறைந்ததா என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். விசாரிக்கும் ஊரில் ஆராதனம் குறைவின்றி நடக்கிறது. விசாரியாத ஊரில் ஸந்நிதி இருண்டு கிடக்கிறது. பெற்றோரை ஒப்படைப்பதும் இவ்வாறே. கையால் செய்ய இயலாதவன், செய்யவல்ல கையை நாடுவது தர்மத்துக்கு விரோதம் அன்று. ஒப்படைத்தபின் மறப்பதே விரோதம். 2007-ஆம் ஆண்டில் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் ஜீவனாம்சத்துக்கு வழி செய்யும். வேளைக்கு நீர் அருந்தினாளா என்று கேட்கும் நெஞ்சைச் சட்டம் உண்டாக்காது.

இன்னொன்றையும் ஆராதனமே நமக்குக் கற்பிக்கிறது. அர்ச்சாமூர்த்தியாக எழுந்தருளியிருக்கும் எம்பெருமான் வாய் திறந்து ஒன்றும் கேட்பதில்லை. அவன் கேட்கவில்லையே என்று அர்ச்சகன் காத்திருப்பானோ? அர்க்யம், பாத்யம், ஆசமநீயம் என்று வட்டில்களில் நீரை நிரப்பி, காலம் தவறாமல் ஸமர்ப்பிக்கிறான். கேளாதவனுக்கு வேளையறிந்து கொடுப்பதே ஆராதனம். நம் குருபரம்பரையில் நீர் சுமத்தலே பெருங்கைங்கர்யமாக இருந்திருக்கிறது. உடையவர் காஞ்சியில் சாலைக்கிணற்றிலிருந்து தேவப்பெருமாளுக்கு நாள்தோறும் தீர்த்தம் கொண்டுவந்தார். திருக்கச்சிநம்பிகள் அப்பெருமாளுக்கே திருவாலவட்டம் வீசினார். திருமலைநம்பிகள் தள்ளாத வயதிலும் பாபநாசத்திலிருந்து திருவேங்கடமுடையானுக்குக் குடம் சுமந்தார். ஒருநாள் ஒரு வேடச் சிறுவன் வழிமறித்து, தாகமென்று அந்நீரைக் கேட்டானாம். இது பெருமாளுக்கு உரியது என்று அவர் மறுத்தாராம். வேடன் அம்பினால் குடத்தில் துளையிட்டுப் பருகி, பின்பு அருகிலேயே ஓர் அருவியைக் காட்டி மறைந்தானாம். அதுவே ஆகாசகங்கை. முதியவர் நெடுந்தூரம் நடக்கலாகாது என்று பெருமாளே தாகங்கொண்டவனாக நடித்தான் என்று பெரியோர் கூறுவர். முதியோரின் இளைப்பைக் கேளாமலே அறிவது அவனுடைய திருக்குணம். அதில் ஒரு துளியேனும் நமக்கு வர வேண்டாவோ?

இதை மனத்தில் கொண்டு இல்லத்துக்குப் போனேன். முதலில் ஒரு தடை இருந்தது. அன்னையார் ஆசாரம் மிக்கவர். பாத்திரத்தை உதட்டில் வைத்து அருந்தும் வழக்கம் அவருக்கு எந்நாளும் இல்லை. பெயர்களெல்லாம் போன பின்னும் இந்த வழக்கம் போகவில்லை. பணிப்பெண் குவளையை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அண்ணாந்து குடிக்கச் செய்தால் புரையேறி ஆபத்தாகும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். என் செய்வதென்று புரியாமல், வழக்கம்போல் கொண்டுபோயிருந்த ஸந்நிதித் தீர்த்தத்தை உத்தரணியில் எடுத்து, "பெருமாள் தீர்த்தம்" என்றேன். உடனே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தானையை இடக்கையில் மடித்து, அதன்மேல் வலக்கையைக் குழித்து நீட்டினார். வாங்கி அருந்தினார். மறுபடியும் நீட்டினார். மூன்று முறை ஆயிற்று. அடியேன் நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தவில்லை. ஒரு குவளை நீர் அவ்வாறே உள்ளே சென்றது.

பணிப்பெண்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி கிறிஸ்தவப் பெண். "பெருமாள் தீர்த்தம், பாட்டி" என்று அவள் சொல்லும்போது அன்னையார் கையை நீட்டுவதைக் கண்டு அடியேன் கண் பனித்தது. ஆயினும் உள்ளே ஓர் உறுத்தல் எழுந்தது. குழாய் நீரைக் காய்ச்சி ஆற்றிப் பெருமாள் தீர்த்தமென்று சொல்வது பொய்யன்றோ? நினைவிழந்தவரிடம் பொய் சொல்லலாமா? இந்த வினா இவர்களைக் காக்கும் எல்லார்க்கும் நாள்தோறும் வருவதே. அடியேன் செய்துகொண்ட தீர்வு இது. வாரந்தோறும் ஒரு சிறு சொம்பில் ஸந்நிதித் தீர்த்தத்தைத் துளசியோடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். காலையில் குடிநீர்ப் பானையில் அதிலிருந்து சில துளிகளைச் சேர்க்கிறார்கள். சில துளிகள் சேர்ந்தால் குடம் முழுதும் தீர்த்தம் என்பது நம் வழக்கமே. இயன்ற இடத்தில் சொல்லை மெய்யாக்கிவிடுவதே நல்லது. இயலாத இடத்தில், அவர்கள் நலத்துக்காக அவர்கள் உலகத்துக்குள் சென்று பேசுவதைப் பெருமாள் குற்றமாகக் கொள்ளமாட்டான் என்று நம்புகிறேன். "அண்ணா" என்று அழைக்கும்போது, "நான் உங்கள் பிள்ளை" என்று திருத்துவதை அடியேன் விட்டுவிட்டேன். "இப்போதுதான் வந்தேன்" என்கிறேன். அது மெய்தானே.

2025-ஆம் ஆண்டு சித்திரை உத்ஸவத்திற்கு அடியேன் காப்புக் கட்டிக்கொள்ளவில்லை. பங்காளியின் மகனுக்கு அந்த முறையைக் கொடுத்து, புரட்டாசி முறையை ஏற்றுக்கொண்டேன். முப்பது ஆண்டுகளாக விடாத கைங்கர்யத்தை விடலாமா என்று பெரியவர் ஒருவர் கடிந்துகொண்டார். அவரிடம் பண்டரிபுரத்துப் புண்டலீகனை நினைவூட்டினேன். பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தவன், வாசலில் வந்து நின்ற பெருமாளுக்கு ஒரு செங்கல்லை எறிந்து, அதன்மேல் நின்று காத்திருக்கும்படி வேண்டினான். பெருமாள் சினங்கொள்ளவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு இன்றளவும் அங்கே நிற்கிறான். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "போய் வா; நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். அவ்வாண்டு உத்ஸவத்தினிடையே இரண்டு நாள் பகற்பொழுதில் அன்னையாரோடு இருந்து, பனையோலை விசிறியால் வீசினேன். முந்திய ஆண்டு வஸந்த மண்டபத்தில் கை நின்றுபோன இடத்திலிருந்து அந்தக் கைங்கர்யம் தொடர்ந்தது போலவே அடியேனுக்குத் தோன்றிற்று.

முடிவாக, கவலையைப் பற்றி ஒரு வார்த்தை. கவலைப்படுவதே அன்பென்று நாம் எண்ணிவிடுகிறோம். இரவெல்லாம் விழித்துக் கவலைப்பட்டால் கடமை தீர்ந்ததுபோல் ஒரு மயக்கம் உண்டாகிறது. ஆனால் நம் கவலையால் அங்கே ஒரு மிடறு நீரும் உள்ளே செல்வதில்லை. கவலை நம்மைச் சுடும், அவர்களைக் குளிர்விக்காது. அதனைச் செயலாக மாற்றும்போதுதான் அது நினைவு என்னும் பெயருக்கு உரியதாகிறது. செய்யக்கூடியதைச் செய்துவிட்டு, எஞ்சியதைப் பெருமாள் திருவடிகளில் வைத்துவிட வேண்டும். செய்யாமல் வைப்பது சோம்பல். செய்தபின்னும் வையாமலிருப்பது அவநம்பிக்கை.

செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். இல்லத்தாரிடம் "எப்படியிருக்கிறார்?" என்று மட்டும் கேட்காதீர்கள், "காலையிலிருந்து எத்தனை முறை நீர் கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். மணிக்கொரு முறை சிறிது சிறிதாக, நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நீர் பிடிக்காதவருக்கு மோர், கஞ்சி, தர்பூசணி, வெள்ளரி, நுங்கு முதலியன உதவும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு எவ்வளவு நீர், இளநீர் ஆகுமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துகளைக் கோடைக்கேற்ப மாற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மெல்லிய பருத்தி ஆடை உடுத்தச் செய்யுங்கள். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி மட்டும் போதாது. ஈரத்துணியால் உடலை ஒற்றி நனைக்க வேண்டும். உதடு உலர்தல், சிறுநீர் குறைந்து நிறம் கறுத்தல், வழக்கத்தினும் மிகுந்த உறக்கம், திடீரென்று மிகுந்த குழப்பம் ஆகியவை எச்சரிக்கைகள். உடல் அனலாகச் சுட்டு நினைவு தப்பினால், வாயில் ஒன்றும் ஊற்றாமல், நீரால் உடலைக் குளிரச் செய்துகொண்டே 108-ஐ அழையுங்கள். பணிப்பெண்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அவர்களும் அதே வெயிலில்தான் நிற்கிறார்கள்.

இன்று தேர் நிலைக்கு வந்தபின், நிழலில் அமர்ந்து நீர்மோர் அருந்துவீர்கள். குவளை கையில் இருக்கும்போதே, கேட்கத் தெரியாத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்தே தொலைபேசியில் விசாரியுங்கள். அதன்பின் கவலையின்றிப் பெருமாளை ஸேவியுங்கள். நாம் மறந்த காலத்தும் நம்மை மறவாதவன் அவன். அவனடியாராகிய நாம், நம்மை மறந்தவர்களை மறவாதிருப்போமாக.

அடியேன்,
ராமாநுஜதாஸன்